மூளைக்காய்ச்சலில் பிழைத்த பிள்ளைகளைத் தொடர்ந்து பரிசோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஏழாம் வகுப்பு மாணவியின் தந்தை
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: மூளைக்காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகளுக்கு நான்கு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்தது. 12 நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தாள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டிருந்தோம். ஒன்றரை வயதில் போட வேண்டிய இரண்டாவது ஊசியின்போது கரும்பு வெட்டப் போன இடத்தில் இருந்தோம், விட்டுப்போயிற்று. அது எங்கள் தவறு.

மருத்துவமனைச் சீட்டின் கடைசி வரி, 'நலமுடன் வீடு திரும்பினார்'. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். மூன்றாம் வகுப்பில்தான் வித்தியாசம் தெரிந்தது. கரும்பலகையைப் பார்த்துப் பாதி வரி எழுதுவாள். மறுபடி நிமிர்ந்தால் எந்த வரி என்று தெரியாமல் விழிப்பாள். கால் கிலோ உளுந்து வாங்கி வரச் சொன்னால் கடை வாசலில் நின்றுவிட்டு, காசோடு திரும்பி வருவாள். நோட்டில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கும். நானும் இரண்டு முறை அடித்திருக்கிறேன். பழைய காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று முதலில் சொன்னவர், போன வருடம் அவளுக்கு வலிப்பு வந்தபோது பார்த்த மருத்துவர்தான்.

இந்த நோயில் பிழைப்பவர்களில் 100க்கு 30 முதல் 50 பேருக்கு ஏதாவதொரு நரம்பியல் குறை தங்கிவிடும் என்றார். கை கால் முடங்கினால் ஊரே பார்க்கும். நினைவாற்றலும் கவனமும் குறைந்திருப்பது, பாடம் கடினமாகும் வயதில்தான் வெளியே வரும். அதற்குள் பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

மாற்றுத்திறனாளிச் சான்றில் அவளுக்குக் கிடைத்தது 25 சதவீதம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டுமாம். சிறப்புப் பள்ளிக்கு அனுப்பும் அளவுக்கு மோசமில்லை என்கிறார்கள். வகுப்பிலோ அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 40 சதவீதத்தை எட்டாத மாற்றுத்திறனாளிக்கும் தேர்வு எழுத உதவியாளர் தரலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைப் பள்ளிகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

புதிதாகக் கட்டடமோ பெரிய நிதியோ நான் கேட்கவில்லை. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வண்டியில் வரும் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு, பல்லையும் கண்ணையும் பார்க்கும்போது, 'எப்போதாவது மூளைக்காய்ச்சல் வந்ததா?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கட்டும். ஆம் என்றால், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பி, நினைவாற்றல், பேச்சு, காது கேட்கும் திறன் மூன்றையும் சோதிக்கட்டும். (பாக்டீரியாவால் வரும் மூளை உறைக் காய்ச்சலில் செவித்திறன் போவது உண்டு என்பதால் காதையும் கேட்கிறேன்.) மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே, பின்னாளில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் தரச் செய்ய வேண்டும். என் மகளுக்கும் இந்த ஆண்டுத் தேர்விலேயே கூடுதல் நேரமும், வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர் உதவியும் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பம்)

இணைப்பு: மருத்துவமனைச் சீட்டு நகல், 25 சதவீதச் சான்று நகல், மூன்றாம் வகுப்புத் தமிழ் நோட்டின் நான்கு பக்கங்கள்.