வாரன் ஸீவானைக் குடி கொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025-இல் அங்கே கௌரவிக்கப்பட்டவர்களின் வரிசையில் அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான வாரன் ஸீவானுக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே ஒரு வாக்கியம். ஒற்றைப் பாட்டில் புகழ்பெற்று, குடியில் அழிந்து, 2003-இல் இறந்தவராம். அந்த வாக்கியத்தில் ஆண்டு மட்டும்தான் சரி.

ஸீவான் குடித்தார். மொடாக்குடியர்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எண்பதுகளின் நடுவில் விட்டுவிட்டார். பிறகு பதினாறு, பதினேழு வருஷம் தொடவில்லை. 2002 ஆகஸ்டில் மருத்துவர்கள் அவருக்குச் சொன்ன நோயின் பெயர் மீசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய். அதற்கும் சாராயத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வருவது. மூச்சோடு உள்ளே போன தூசி இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துக்கூட ஆளைப் பிடிக்கும். மூன்று மாதம்தான் என்று கேட்ட பிறகு அவர் மறுபடி குடித்தார், உண்மை. அதனால் சாகவில்லை.

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. ஸீவானின் கேசட்டை எனக்குக் கொண்டுவந்து கொடுத்ததே என் அண்ணன்தான். கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. குழாய்களைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சுபோல ஒன்று சுற்றியிருக்கும், பழுது பார்க்கும்போதெல்லாம் அதைக் கையாலேயே பிய்த்துப் போடுவோம், அறை முழுக்கப் பறக்கும் என்று சொல்லியிருக்கிறார். ஓய்வுபெற்று வந்து பல வருஷம் கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலாவில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள், பத்து நாளில் மறுபடி கட்டிக்கொள்ளும். இதே நோய்தான். ஆனால் இழவு வீட்டில் வந்து உட்கார்ந்தவர்கள் பேசியதெல்லாம், கப்பல்காரன், குடித்தே போய்விட்டான் என்றுதான். என் அண்ணி அதை எல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். ஊர் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். பத்திரிகையும் அப்படியே எழுதினால் யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்து அந்த ‘ஒற்றைப் பாட்டு’. 1978-இல் வந்த ‘வேர்வுல்வ்ஸ் ஆஃப் லண்டன்’ அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 21-ஆம் இடம் வரை போனது. மூன்றே கார்டுகள், அதாவது சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டுகள்: டி, சி, ஜி. பியானோவில் அதுவே சுற்றிச் சுற்றி வரும், பிடித்துக்கொண்டால் விடாது. நான் திருச்சி வட்டாரத்தில் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன்; இந்த மாதிரிப் பாட்டின் பலமும் தெரியும், அது ஒரு கலைஞனை என்ன பாடுபடுத்தும் என்பதும் தெரியும். திருவிழா மேடைக்குக் கீழேயிருந்து துண்டுச்சீட்டு வரும். எந்த ஊரானாலும் அதே நான்கு பாட்டு. புதிதாக ஒன்று வாசித்தால் கூட்டம் பீடி பற்றவைக்க எழுந்துவிடும். அதற்காக வாசித்தவனுக்கு வேறு பாட்டே தெரியாது என்று எழுதிவிடுவதா?

பையனாக இருந்தபோதே லாஸ் ஏஞ்சலஸில் இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து இசைக்குறிப்புகளைப் படித்தவர் ஸீவான். 1970-இல் முதல் ஆல்பம் வந்து யாரும் சீந்தவில்லை. பாடகர்களான எவர்லி சகோதரர்களுக்குப் பியானோ வாசித்து, அவர்கள் குழுவை நடத்திக் காலம் தள்ளினார். பிழைப்புக்கு ஸ்பெயினில் கடலோர ஊர் ஒன்றின் மதுக்கூடத்தில் பாடினார். அங்கிருந்து அவரைத் திரும்பக் கூட்டிவந்து 1976-இல் ஆல்பம் தயாரித்துக் கொடுத்தவர் பாடகர் ஜாக்சன் பிரௌன். பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டின் 1976 ஆல்பத்தின் தலைப்புப் பாடலே ஸீவான் எழுதியது. மறு ஆண்டு ரான்ஸ்டாட்டின் ‘சிம்பிள் டிரீம்ஸ்’ முதலிடத்துக்குப் போனதே, அதில் இரண்டு பாட்டு இவருடையது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் பத்திரிகையிலேயே ரான்ஸ்டாட்டைப் பற்றி முழுப்பக்கம் போட்டீர்கள். பாட்டு யாருடையது என்று அன்றும் போடவில்லை.

1983-இல் இசைத்தட்டுக் கம்பெனி தன்னைக் கைகழுவியதை ஸீவான் ஒரு பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். யாரும் போன் செய்துகூடச் சொல்லவில்லை. நான்கு வருஷம் கழித்து ‘சென்டிமென்டல் ஹைஜீன்’ ஆல்பத்தோடு எழுந்து வந்தார். பாப் டிலன் அதில் ஹார்மோனிகா வாசித்தார். பிறகு இசைக்குழுவை அழைத்துப் போகக் காசில்லாமல் தனியாகவே கிடாரும் பியானோவுமாக ஊர் ஊராகப் போனார். 1993-இல் வந்த நேரலை ஆல்பம் அப்படிப் பதிவானதுதான். குழுவில் வாசித்தவர்களுக்குத்தான் தெரியும், பக்கத்தில் டிரம்ஸ் இல்லாமல் மேடையேறுவது என்ன என்று. தாளத்தை இடது கையே சுமக்க வேண்டும்.

2002 அக்டோபர் 30 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேன் தன் நிகழ்ச்சியின் ஒரு மணி நேரத்தையும் ஸீவானுக்கே கொடுத்தார். சாகப்போகிறவர் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். இருபது வருஷம் டாக்டரிடமே போகாதது தப்பாகிப்போச்சு போலிருக்கிறது என்று ஸீவான் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குப் பாடியவை மூன்று: ‘மியூட்டினியர்’, ‘ஜீனியஸ்’, ‘ரோலண்ட்’. ‘வேர்வுல்வ்ஸ்’ அதில் இல்லை. ரோலண்டைக் கேட்டு வாங்கிப் பாடவைத்தவர் லெட்டர்மேன். அந்த மூன்றையும் கேட்டுவிட்டு உங்கள் கட்டுரையாளர் அந்த வாக்கியத்தை எழுதியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கடைசி ஆல்பம் ‘தி விண்ட்’ 2003 ஆகஸ்ட் 26-இல் வந்தது. செப்டம்பர் 7-இல் போய்விட்டார். வயது 56. ஸ்டூடியோவுக்குப் போகத் தெம்பில்லாமல் அதன் கடைசிப் பாட்டை வீட்டிலேயே பாடிப் பதிவு செய்தார். ஸ்பிரிங்ஸ்டீன், டாம் பெட்டி போன்ற ராக் பாடகர்கள் எல்லாம் வந்து வாசித்த அந்த ஆல்பத்துக்கு இரண்டு கிராமி. அவர் இறந்த பிறகு.

ஐயா, இது முதல் தடவை அல்ல என்பதால்தான் மனம் ஆறவில்லை. எங்கள் குழுவில் காலமெல்லாம் தபேலா வாசித்த பெரியவர் இறந்தபோது, அவரைப் பற்றி நாலு வரி எழுதி உங்கள் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். விளம்பரப் பிரிவைப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். அதே வாரம் ஒரு பாடகரின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம் படத்தோடு வந்தது. முன்னொரு முறை நான் எழுதிய கடிதத்தில் முதல் பத்தியின் பாராட்டை மட்டும் போட்டு, கீழே சுட்டிக்காட்டிய பிழையை வெட்டிவிட்டீர்கள். இந்தக் கடிதத்தில் பாராட்டு இல்லை, வெட்டுவதற்கு வசதியாக இருக்காது என்று நினைக்கிறேன்.

முழுக்கடிதத்தையும் போடச் சொல்லவில்லை. வரும் ஞாயிறு திருத்தங்கள் பகுதியில், வாரன் ஸீவான் இறந்தது மீசோதீலியோமாவால் என்று ஒரு வரி போடுங்கள். இடம் இருந்தால் ‘தி விண்ட்’ ஆல்பத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணி இன்னும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஸ்ரீரங்கம்.