காய்கறித் தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் சங்கத்து அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை, மாதக் கூட்டங்கள் பற்றிய விவரங்கள் உங்கள் கையில் உள்ள அச்சுத்தாளில் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியில் எந்தப் பேச்சில் வந்து முடித்தோமோ, அதற்கே என் நேரத்தை ஒதுக்குகிறேன். விதைத்ததை விலங்குகளிடமிருந்து காப்பாற்றுவது எப்படி என்பதுதான் அந்தப் பேச்சு.

விளைச்சலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆடிப்பட்டத்தில் போட்ட வெண்டையும் கொத்தவரையும் கைவிடவில்லை. பந்தல் காய்களில் பீர்க்கனும் புடலையும் நன்றாகக் காய்த்தன. விதைப் பரிமாற்றத்தில் சிறகு அவரையும் மூக்குத்தி அவரையும் பல வீடுகளுக்குப் போயிருக்கின்றன; விதைக்கு விட்ட காயைப் பறிக்காமல் முற்றவிட்டுக் கொண்டுவந்து கொடுத்த உறுப்பினர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பைப் புதிய உறுப்பினர்கள் பலர் வாங்கிப் பயன்படுத்தினார்கள்.

இனி மயில். மருதமலை அடிவாரத்தில் வீடு வைத்திருக்கும் நமக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அகவல் கேட்டு எழுந்து மாடிக்குப் போனால், முந்தைய நாள் ஊன்றிய தக்காளி நாற்று தண்டோடு கிள்ளப்பட்டுக் கிடக்கும். கீரை விதைத்த பாத்தியைக் கீறிப் பொறுக்கியிருக்கும். 1963இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதோ காயப்படுத்துவதோ முட்டையைக் கலைப்பதோ குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நாம் அப்படிச் செய்யப்போவதில்லை. பூச்சியையும் நத்தையையும் தின்கிற பறவை அது.

பூண்டு–மிளகாய்க் கரைசல் தெளித்தும் மயில் வருகிறதே என்று பல உறுப்பினர்கள் கேட்டார்கள். காரணம் எளிது. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் பறவைகளுக்கு உறைப்பதில்லை. மயில் மிளகாய்ப் பழத்தையே கொத்தித் தின்னும். அணில், எலி, குரங்கு ஆகியவற்றுக்கு உறைக்கும். அவற்றுக்காகத் தெளிப்பதில் பொருள் உண்டு, மழைக்குப் பின் மறுபடியும் தெளிக்க வேண்டும் என்பதை மறக்காவிட்டால். மினுக்கும் ரிப்பன் கட்டினால் மயில் சில நாள் தயங்கும், பிறகு பழகிவிடும். நம் அனுபவத்தில் பாத்திக்குப் பலன் தந்தது ஒன்றுதான்: நாற்று வேர்பிடித்து நிமிரும் வரை பாத்திக்கு மேல் கம்பியை வளைத்து ஊன்றி நிழல்வலையை மூடுவது. பெரிய பறவை, இறங்கி நடக்க இடம் வேண்டும். மாடியில் தொட்டிகளை நெருக்கி வைத்து, கைப்பிடிச் சுவரின் மேல் இரண்டு வரிசை கம்பி இழுத்த வீடுகளில் சேதம் கண்கூடாகக் குறைந்தது.

குரங்குக்கு வலை போதாது, பிரித்துவிடும். தக்காளி, கத்தரி, கொய்யா வைத்திருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். மலையை ஒட்டிய தெருக்காரர்கள் இஞ்சி, மஞ்சள், சேனை, புதினா, மிளகாய் ஆகியவற்றை வெளியிலும், தக்காளியைக் கம்பிக்கூண்டுக்குள்ளும் வைக்கத் தொடங்கியது நல்ல ஏற்பாடு. தக்காளியில் இன்னொரு வழியும் உண்டு. அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியவுடன் பறித்து வீட்டுக்குள் வைத்தால் தானாகப் பழுத்துவிடும். செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அணிலுக்கும் பங்கு கொடுக்க வேண்டியதுதான்.

ஆனால் ஆண்டு முழுவதும் நம்மை உண்மையில் வாட்டியவை எலியும் பெருச்சாளியும்தான். சர்க்கரைவள்ளிக் கொடி மேலே பச்சையாகப் படர்ந்திருக்கும். அறுவடைக்குத் தோண்டினால் கிழங்கின் தோல் மட்டும் மிஞ்சியிருக்கும். வளை வாயில் குவிந்த புதுமண்ணைப் பார்த்தால் பெருச்சாளி என்று தெரிந்துகொள்ளலாம். இதற்காக நம் உறுப்பினர் ஒருவர் தோட்டத்தில் எல்லோரும் சேர்ந்து செய்த வேலையைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பாத்தியைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தோம். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் என்ற பற்றவைத்த கம்பி வலையை அதில் இறக்கி, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக ஒரு சாண் மடித்துவிட்டு மண் மூடினோம். குடைந்துகொண்டு வரும் பெருச்சாளி சுவரோரமாகவே கீழே தோண்டும். தோண்டிய இடத்தில் மடிப்புக் கம்பி தடுக்கும், பின்வாங்கித் தள்ளித் தோண்ட அதற்குத் தோன்றாது. தைப் பட்டத்தில் அந்தப் பாத்திக் கிழங்கு முழுசாக வந்தது. சுண்டெலிக்கு மட்டும் இந்தக் கண் பெரிது. விதை வைக்கும் அறைக்குக் கால் அங்குல வலை வேண்டும்.

ஈரப் பாத்தியில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம் என்பதை மீண்டும் சொல்கிறேன். எலியின் சிறுநீர் கலந்த நீரும் மண்ணும் காலில் உள்ள சிறு புண் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும். காலணி அவசியம், கீரையை நன்றாக அலச வேண்டும்.

கார்த்திகையில் ஒரு நாள் நைலான் வலையில் சாரைப்பாம்பு சிக்கியது. தரையில் தளர்வாகக் கிடந்த வலைக்குள் நுழைந்து, திரும்ப முயன்று, நூல் செதிலுக்கு அடியில் இறங்கியிருந்தது. பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளர் வந்து, ஒருவர் தலைப்பக்கம் பிடிக்க, சிறிய கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டி எடுத்தார்கள். நாம் பொறி வைத்துப் பிடிக்கும் எலிகளைவிட அதிகமாகப் பிடித்துத் தின்கிற உயிர் அது. அன்று முதல், வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுவது, தரைமட்டத்தில் நைலானுக்குப் பதில் கம்பி வலை போடுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

விஷம் வைப்பதைச் சங்கம் ஒருபோதும் ஏற்காது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்குத் தமிழ்நாட்டில் தடையே இருக்கிறது. மற்ற எலி மருந்தும் எலியோடு நிற்பதில்லை. விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் கூகைக்கும் பூனைக்கும் போய்ச் சேர்கிறது. வேலியில் வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுப்பது அதைவிடக் கொடுமை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே தோட்டத்து மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. நம்மில் எவர் வீட்டு வேலியிலும் மின்சாரம் வேண்டாம். மலையோரத் தெருவில் இருப்பவர்கள் சுற்றுச்சுவரை ஒட்டி வாழை வைக்க வேண்டாம் என்றும், பலாவைப் பழுக்கவிடாமல் காயாகவே இறக்கிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். யானையை வரவழைத்துவிட்டு யானை வருகிறது என்று வனத்துறையை அழைப்பது முறையல்ல.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஒரு வீட்டில் கூண்டு போட்டால் குரங்கு அடுத்த வீட்டுக்குப் போகிறது. ஒருவர் வளையை அடைத்தால் பெருச்சாளி பக்கத்து மனையில் குடியேறுகிறது. தெருமுனையில் சோற்றுக் குப்பை கிடக்கும் வரை, மலைப்படியில் குரங்குக்குப் பொரியும் பழமும் போடும் வரை, எத்தனை வலை கட்டினாலும் காவல் அரைகுறைதான். குப்பையை நாள்தோறும் அகற்றக் கேட்டுக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை, தொடர்ந்து கேட்போம். நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். சமைத்த உணவையும் மீன் கழிவையும் உரக்குழியில் போடாமல் இருக்கலாம், குழிக்கு மூடி போடலாம்.

வரும் ஆடிக்குள் கம்பி வலையைச் சுருளாக மொத்த விலைக்கு வாங்கிப் பகிர்ந்துகொள்ளவும், எலிக்கூண்டுகளை முறை வைத்து இரவல் கொடுக்கவும், தெருவுக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. கூட்டங்களுக்கு வீட்டு முற்றத்தைத் தந்தவர்களுக்கும், விடுமுறை நாளில் பள்ளம் தோண்ட வந்த இளைஞர்களுக்கும், பாம்பை மீட்டுத் தந்தவர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையையும் மூன்று பரிந்துரைகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்