கறுப்பு கார்டில் ஒரு பெயர்

சாலிகிராமம், ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போன் பண்ணியபோது வடபழனி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ஒரே இரைச்சல். ஏதோ ஒப்புக்குப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். படுத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அதான் எழுதுகிறேன்.

உங்கள் படத்தில் மைக் மாட்டிய பூம் கம்பைப் பிடித்தவர் இறந்துபோனார், அவருக்காக ஸ்பாட் போட்டோக்களை வைத்து, சோகப் பாட்டுப் போட்டு, ஒரு நிமிஷ வீடியோ வெட்டச் சொல்லி எடிட்டிங்கில் இருக்கிற உன்னிடம் கேட்டிருக்கிறார் டைரக்டர். நல்ல மனசுதான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிப் பார். பூம்காரர் ஆயுசு முழுக்கத் தன் நிழல்கூட ஃப்ரேமில் விழாமல் பார்த்துக்கொண்ட மனுஷன். செத்த பிறகு அவரைப் பாட்டுக்கு நடுவில் நிறுத்தி என்ன ஆகப்போகிறது?

உன் லைட் சித்தப்பாவை ஞாபகம் இருக்கிறதா? தீபாவளிக்கு உனக்குச் சாட்டை வாங்கிவருவாரே, அவர்தான். மழை விட்ட ஒரு ராத்திரி, இரும்புப் பைப் கட்டிய சாரத்தில் ஏறி லைட்டைத் திருப்பும்போது வழுக்கி விழுந்தார். எந்தப் படம் என்று எழுத மாட்டேன். ஆறு மாதம் கழித்து அது ரிலீஸ் ஆனது. சித்தியையும் பையனையும் மேட்னிக்கு நான்தான் கூட்டிப்போனேன். சென்சார் சர்ட்டிஃபிகேட், புகைபிடிக்காதே என்கிற விளம்பரம், அப்புறம் நன்றி கார்டுகள்: ஃபைனான்ஸ் கொடுத்தவர், பங்களா கொடுத்தவர், ரூம் போட்டுக் கொடுத்த ஹோட்டல்காரர் என்று வரிசையாக. அதற்கு நடுவில் ஒரு கறுப்பு கார்டு. 'எங்கள் லைட் யூனிட் சகோதரருக்குக் கண்ணீர் அஞ்சலி.' அவ்வளவுதான். பெயர் இல்லை. இரண்டு செகண்ட் இருந்திருந்தால் அதிகம். ஜனம் இன்னும் செல்போன் வெளிச்சத்தில் சீட் நம்பர் தேடிக்கொண்டிருந்தது. சித்தி எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். 'லைட்' என்று வாயசைத்தாள், கார்டு போய்விட்டது. "எப்பண்ணா வரும்?" என்று இடைவேளை வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். வந்துபோய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடிகர் விஷயம் வேறு. ரகுவரன் 2008 மார்ச் 19-ம் தேதி இறந்தார். ஏப்ரல் 4-ல் 'யாரடி நீ மோகினி' வந்தது. அதில் அவர் தனுஷுக்கு அப்பா, கதையிலும் இறந்துபோவார். அந்த இடத்தில் தியேட்டர் அப்படியே அடங்கிப்போனது. அதற்கு மேல் என்ன அஞ்சலி வேண்டும்?

லைட் தூக்குகிறவனுக்கும் சாப்பாடு பரிமாறுகிறவனுக்கும் அப்படி ஒரு முகம் திரையில் கிடையாது. 2020 பிப்ரவரி 19 ராத்திரி, பூந்தமல்லிப் பக்கம் 'இந்தியன் 2' செட்டில் க்ரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அன்றைக்கு யூனியன் ஆட்கள் ஒருத்தரும் தூங்கவில்லை. படம் 2024 ஜூலையில்தான் வந்தது. அதில் நடித்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் 2021-லேயே போய்விட்டார்கள். விவேக் திரையில் தலைகாட்டினால் போதும், அவரை எல்லாருக்கும் தெரியும். அந்த மூன்று பேருக்கோ கார்டை விட்டால் வேறு இடமே இல்லை. அதனால்தான் கார்டைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறேன்.

இப்போது இறந்தவர்கள் குரலையே திரும்ப வரவழைக்கிறார்களே, அதையும் கேட்டாய். 'லால் சலாம்' பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இரண்டு பேர் குரலையும் ஏஐ வைத்துக் கொண்டுவந்தார் ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். சரி, அது முறை. விஜய் நடித்த 'கோட்' படத்தில் அப்படி வந்த பவதாரிணி குரலுக்கு மெட்டுப் போட்டது கூடப் பிறந்த தம்பி யுவன். அதில் நான் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே படத்தில் மறைந்த விஜயகாந்த் முகத்தை ஏஐ வைத்துக் கொண்டுவந்தபோது சுற்றி விசில் பறந்தது, எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. அவர் கம்பெனியில் ஹீரோவுக்கு என்ன சாப்பாடோ அதேதான் லைட்மேனுக்கும். அந்த இலை எனக்கு ஞாபகம் இருக்கிறது, முகத்தைச் செய்து காட்ட வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் டைரக்டர் ஜீவா சாருக்குச் செய்ததுதான் பெரிய மரியாதை. 2007-ல் ரஷ்யாவில் 'தாம் தூம்' எடுத்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். மனைவியும் அவருடைய ஆட்களும் பி.சி. ஸ்ரீராமும் சேர்ந்து மிச்சத்தை முடித்தார்கள். மறுவருஷம் அவர் டைரக்ஷன் என்றே படம் வந்தது.

உன்னால் ஆவதைச் சொல்கிறேன். கடைசி டைட்டிலில் சவுண்ட் டிபார்ட்மென்ட் பட்டியலில் பூம்காரர் பெயர் எங்கே வர வேண்டுமோ அங்கேயே இருக்கட்டும். அஞ்சலி கார்டு போட்டாச்சு என்று அங்கிருந்து எடுத்துவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். முன்னால் போடும் கார்டை நன்றிக் கூட்டத்தில் சேர்க்காதே, எல்லாம் முடிந்து படம் தொடங்கும் முன்னால் தனியாக வை. பெயர், கீழே 'பூம் ஆபரேட்டர்'. 'அமரர்' வேண்டாம், மாலை போட்ட படம் வேண்டாம். சித்தி மாதிரி ஒருத்தி எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படிக்கிற நேரம் நிற்க வேண்டும். அதை நீயே வாய்விட்டுப் படித்துப் பார்த்து அளந்துகொள். பெயரை மேனேஜர் நோட்டிலிருந்து எடுக்காதே, தினப்படி எழுதும் பேட்டா நோட்டில் என் பெயரே மூன்று விதமாக இருக்கும். அவர் வீட்டு அம்மாவிடம் எழுதி வாங்கு. பாக்கிச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்றும் அப்போதே கேட்டுவிடு.

பாட்டுக்குப் பதில் ஒன்று தோன்றுகிறது. உங்கள் படம் லைவ் சவுண்ட், ஸ்பாட்டிலேயே சத்தம் பதிவு என்றாயே. ஷாட் முடிந்ததும் 'யாரும் அசையாதீங்க' என்று நிறுத்திவைத்து, ரூம் டோன் என்று அரை நிமிஷம் வெறும் அறையின் சத்தத்தை எடுப்பார்கள் இல்லையா? அவர் மைக் பிடித்து எடுத்தது ஏதாவது ஒன்று உன் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். தேடி எடுத்து அந்த கார்டுக்கு அடியில் போடு.

அப்பா