ஐபிடிஜி-யோடு ஒரு நீல விளக்கும்: பாடத்திட்டக் குழுவுக்குத் திறந்த மடல்

இளநிலை உயிரித் தொழில்நுட்பப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். மரபணுவைத் தூண்டும் செய்முறை என்றாலே இன்றும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருள்தான். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. செல்களைக் கழுவி ஊடகத்தையே மாற்ற வேண்டும். ஒளியால் தூண்டினால், நிறுத்த விளக்கை அணைத்தால் போதும். ஆகவே ஈ. கோலை பாக்டீரியாவில், நீல ஒளி பட்டால் மரபணுவை இயக்கும் பி-டான் பிளாஸ்மிடை (செல்லுக்குள் ஏற்றும் வளைய டிஎன்ஏ) வைத்து ஒரு செய்முறையைச் சேர்க்குமாறு கேட்கிறோம்.

2005-ல் பாக்டீரியாப் படலத்தில் படம் பிடித்துக் காட்டிய சிவப்பு ஒளி முறை கவர்ச்சியானதுதான். ஆனால் அதற்கு வேண்டிய பைக்கோசயனோபிலின் நிறமி ஈ. கோலையிடம் இல்லை, செல்லில் உள்ள ஹீம் மூலக்கூறிலிருந்து அதைத் தயாரிக்க இரண்டு மரபணுக்களைக் கூடுதலாக ஏற்ற வேண்டும். 2012-ல் வந்த பி-டானுக்கு வேண்டியது எஃப்எம்என் என்ற ஒளியை உறிஞ்சும் மூலக்கூறு. அது செல்லிலேயே இருக்கிறது.

இருட்டில், ஒளியை உணரும் ஒய்எஃப்1 புரதம் ஃபிக்ஸ்ஜே என்ற இன்னொரு புரதத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றும். அந்த ஃபிக்ஸ்ஜே, சிஐ என்ற அடக்கிப் புரதத்தை உருவாக்கவைக்கும். சிஐ நம் மரபணுவை அடக்கிவைக்கும். 470 நானோமீட்டர் நீல ஒளி பட்டால் ஒய்எஃப்1 பாஸ்பேட் ஏற்றுவது நின்று, சிஐ உற்பத்தியும் நிற்கும்; நம் மரபணு இயங்கும். ஏற்கெனவே உள்ள சிஐ மட்டும் செல்கள் பெருகப் பெருகத்தான் குறையும். முதிர்ந்த வளர்ப்பில் விளக்கைப் போட்டுவிட்டு "பிளாஸ்மிட் வேலை செய்யவில்லை" என்று எழுதுவோர் தவறுவது இங்கேதான்.

செய்முறை எளிது. இருட்டில் வளர்த்த தட்டிலிருந்து ஒரு காலனியை 5 மி.லி. எல்பி ஊடகத்தில் (பிளாஸ்மிட் உள்ள செல்கள் மட்டும் வளர, கனாமைசின் மி.லி.-க்கு 50 மைக்ரோகிராம்) போட்டு, அலுமினியத் தாள் சுற்றி, 37 டிகிரியில் இரவு முழுக்க வளர்க்கவும். மறுநாள் ஆறு குழாய்களில் 5 மி.லி. புதிய ஊடகத்துக்கு 25 மைக்ரோலிட்டர் வீதம் விடவும். மூன்று ஒளியில், மற்ற மூன்று இரண்டு சுற்று அலுமினியத் தாளுக்குள். ஒளி சதுர செ.மீ.-க்கு 100 மைக்ரோவாட் அளவில் தொடங்கலாம். குலுக்கியில் ஓர் இரவு வைத்து, அறிவிப்புப் புரதத்தின் ஒளிர்வை ஓடி600-ஆல் (செல் அடர்த்தியைக் காட்டும் அளவு) வகுத்து ஒப்பிடவும்.

அறிவிப்புப் புரதமாக (மரபணு இயங்குவதை ஒளிர்ந்து காட்டுவது) சிவப்பாக ஒளிரும் டிஎஸ்-ரெட் வையுங்கள், பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி வேண்டாம். ஜிஎஃப்பி-யை அளக்கப் பாய்ச்சும் நீல ஒளியே சுவிட்சைத் தட்டிவிடும். டிஎஸ்-ரெட் நிறம் ஏற நேரம் பிடிக்கும். இடையில் மாதிரி எடுத்தால் குளோராம்பெனிகால் சேர்த்துப் புரத உற்பத்தியை நிறுத்தி, நிறம் முதிர விட்டு அளக்க வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது இருட்டுக் குழாய்தான். ஆய்வகத்து வெள்ளை எல்இடி-யிலேயே 450 நானோமீட்டர் பக்கம் நீலம் தூக்கலாக இருக்கிறது. தாளில் ஊசித்துளை, குலுக்கியின் கண்ணாடிக் கதவு, பிப்பெட் செய்யும் அரை நிமிடம், எல்லாம் கணக்கில் வரும். தொடக்க வளர்ப்பு மேசைமேல் கிடந்திருந்தால் டிஎஸ்-ரெட் முன்பே சேர்ந்திருக்கும். எளிதில் சிதையாத புரதம் அது. இருட்டு வேலைக்குச் சிவப்பு எல்இடி போதும்.

ஒளிக் குழாயிலும் கோளாறு வரும். விளக்கைக் கூட்டினால் நீல ஒளியே செல்லைத் தாக்கி வளர்ச்சியைக் குறைக்கும்; வெறும் வெக்டார் (ஒளிச் சுவிட்ச் இல்லாத பிளாஸ்மிட்) கொண்ட வளர்ப்பையும் ஒளியில் வைத்தால்தான் அது பிடிபடும். எல்இடி சூடு வேறு. ஒளி, இருட்டு இரண்டு இடத்திலும் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாயில் வெப்பமானி போட்டுப் பாருங்கள்.

கருவிப் பட்டியலில் லக்ஸ் மீட்டர் எழுதிவிடாதீர்கள். அது மனிதக் கண்ணின் உணர்திறனுக்கேற்ப அளவிடுவது, நீலத்தைக் குறைத்தே காட்டும். 470 நானோமீட்டருக்கு அளவுசெய்த ஒளித்திறன் மானி கல்லூரிக்கு ஒன்று இருந்தால் போதும். மதிப்பெண்ணில் பாதியை இருட்டுக் குழாயின் முடிவுக்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பாக்டீரியா மரபியல் செய்முறைப் பயிற்றுநர்கள்