வாணிக்கு, கட்டுரை விஷயமாக

அன்புள்ள வாணி,

ஐந்து மாதம் ஆகிவிட்டது. நீ மூன்று கடிதம் போட்டும் நான் வாயே திறக்கவில்லை. கோபம் இருந்தால் நியாயம்தான், திட்டித் தீர்த்துவிடு. இங்கே எல்லாரும் சுகம், பெரியவன் வேலையில் சேர்ந்துவிட்டான், மற்றதெல்லாம் நேரில்.

உன்னிடம்கூட மறைத்து வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் மறுபடி படிக்கிறேன். மருத்துவ வரலாறு, முதுகலை, பகுதி நேரம். முதல் கட்டுரை திருத்தி வந்தபிறகு சொல்லலாம் என்று இருந்தேன். வந்துவிட்டது. அதோடு, உன் சின்னவள் கட்டுரை எழுத உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொள்கிறாள் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. இது பாதி அவளுக்கும் எழுதுகிற கடிதம், படித்துக் காட்டு.

எனக்குக் கொடுத்த கேள்வி இது: 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ ஓர் அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தது, காலராவைப் பற்றிய மருத்துவர்களின் கருத்தை எந்த அளவுக்கு மாற்றியது? ஸ்னோ ஒரு மருத்துவர், காலரா கெட்ட தண்ணீரால்தான் பரவுகிறது என்பது அவர் கட்சி, அதனால்தான் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். 2500 சொல். மூன்று வாரம் படித்தேன், எழுதினேன். ஸ்னோ 1813இல் பிறந்தது, விக்டோரியா ராணியின் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தது, ஆகஸ்ட் கடைசியில் அந்தக் குழாய் இருந்த பிராட் தெருவில் நோய் வெடித்தது, பத்தே நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் செத்தது, செப்டம்பர் 8இல் கைப்பிடி கழன்றது, எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. ஒரு தப்பு கிடையாது. திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "தகவல் எல்லாம் சரி. கேள்விக்கு உங்கள் பதில் என்ன?"

இரண்டு நாள் அந்த ஆள்மேல் அப்படி ஒரு கோபம், வாணி. பிறகு கேள்வியை எடுத்து மறுபடி படித்தேன். "எந்த அளவுக்கு" என்று கேட்டிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவே இல்லை. அவர்கள் கேட்காத கேள்விக்கு நான் பதினான்கு பத்தி பதில் எழுதியிருக்கிறேன்.

அன்று ராத்திரி, கட்டுரையின் ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியமாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். பதினான்கு துண்டு. மின்விசிறியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். ஒன்பது துண்டில் "அடுத்து இது நடந்தது" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு துண்டில் ஒரே விஷயம். நான்காவதையும் ஏழாவதையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அங்கேதான் எனக்கு உறைத்தது. இரண்டு பத்தியை மாற்றி வைத்தாலும் கட்டுரைக்கு வலிக்கவில்லை என்றால், அது இன்னும் கட்டப்படவில்லை. வெறுமனே அடுக்கி வைத்திருக்கிறது.

நம்ம தமிழம்மா ராகம் போட்டுச் சொல்ல வைத்தார்களே, நன்னூலின் பத்துக் குற்றம், நினைவிருக்கிறதா? நீ எப்போதும் "மயங்க வைத்தல்" வந்ததும் மேசைமேல் சாய்ந்து மயங்கி விழுவாய். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என் துண்டுகளைப் பார்த்தேன். கூறியது கூறல், இருக்கிறது. மற்றொன்று விரித்தல், குளோரோஃபார்ம் முழுக்க அதுதான். சென்று தேய்ந்து இறுதல், அதாவது ஆரம்பத்தில் வேகமாகப் புறப்பட்டுப் போகப்போகத் தேய்ந்து முடிவது, என் கடைசி நான்கு பத்தியைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கிறது. கூடவே பத்து அழகும் சொல்லியிருக்கிறாரே பவணந்தி, அதில் ஒன்று "முறையின் வைப்பு", அதாவது சொல்வதை முறையான வரிசையில் வைப்பது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம், மதிப்பெண் வாங்கினோம். அது இவ்வளவு கைவேலையான ஒரு விஷயம் என்று இப்போதுதான் தெரிகிறது.

சரி, எப்படித் திருத்தினேன் என்று கேள். முதலில் பதிலை ஒரு வாக்கியமாக எழுதினேன். "கைப்பிடி அப்போது யார் மனதையும் பெரிதாக மாற்றவில்லை, ஸ்னோ சேர்த்த கணக்குதான் மெல்ல மாற்றியது." இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. அது கையில் வந்ததும் வரிசை தானாகக் கேட்க ஆரம்பித்தது. என் கட்சிக்கு முதல் ஆதாரம் ஸ்னோவே ஒப்புக்கொண்டது: கைப்பிடி கழலுமுன்பே சாவு குறைந்துவிட்டது, ஜனங்கள் ஏராளமான பேர் அந்தப் பகுதியைவிட்டே ஓடியிருந்தார்கள். அதனால் அதை முன்னால் வைத்தேன். அடுத்து, அரசாங்கம் போட்ட விஞ்ஞானக் குழு 1855இல் அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று உடனே யாரும் கேட்பார்கள், ஆகவே கெட்ட காற்றால்தான் நோய் என்று நம்பியவர்கள் பக்கத்து நியாயம் அடுத்த பத்தி. அவர்களை முட்டாள்களாகக் காட்டாமல் எழுத வேண்டும், அது கஷ்டம்.

அதற்குப் பிறகுதான் என் பலமான துருப்பு. லண்டனின் தெற்கே இரண்டு தண்ணீர் கம்பெனிகளின் குழாய்கள் ஒரே தெருக்களில் கலந்து ஓடின. ஒரு கம்பெனி நதியின் மேல்பக்கம் போய்ச் சுத்தமான தண்ணீர் எடுத்தது, இன்னொன்று சாக்கடை கலக்கும் இடத்திலேயே எடுத்தது. ஸ்னோ எண்ணியபோது பத்தாயிரம் வீட்டுக்கு ஒன்றில் 37 சாவு, மற்றதில் 315. காற்று இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதானே! பழைய கட்டுரையில் இது பதினோராவது பத்தியில் நடுவரியில் கிடந்தது, வாணி. கடைசியில் ஒயிட்ஹெட் என்ற பாதிரியார். ஸ்னோ சொன்னது தப்பு என்று காட்டத்தான் வீடு வீடாக விசாரித்தார், விசாரித்து முடிக்கும்போது ஸ்னோவின் கட்சிக்கே வந்துவிட்டார். மனம் மாறிய ஒரு ஆளைக் காட்டினால் "எந்த அளவுக்கு" என்பதற்கு உயிர் வந்துவிடுகிறது.

இப்போது ஒன்பது துண்டு. எதை நகர்த்தினாலும் அடுத்தது அந்தரத்தில் நிற்கிறது. ராணியும் குளோரோஃபார்மும் வெளியே போய்விட்டார்கள், அது மட்டும் வருத்தம், ரொம்பப் பிடித்து எழுதிய பத்தி.

சின்னவளுக்கு வருகிறேன். முன்னுரையிலேயே மூன்று நாள் மாட்டிக்கொள்கிறாள் என்றாய். முன்னுரையைத் தொடவே வேண்டாம் என்று சொல், எங்கே போகிறோம் என்று தெரியுமுன் எப்படி வழி சொல்வாள்? அது கடைசியில் எழுத வேண்டியது. முதலில் கேள்வியில் இருக்கிற வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடட்டும். "ஒப்பிடுக" என்றால் பாதிக் கட்டுரை ஒன்றைப் பற்றி, பாதி மற்றதைப் பற்றி என்று எழுதக் கூடாது, ஒவ்வொரு பத்தியிலும் இரண்டும் மோத வேண்டும். அப்புறம் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதட்டும். பிறகு மாறினால் மாறட்டும், எனக்கே மூன்று தடவை மாறியது. அவள் சோம்பேறி இல்லை வாணி, தயவுசெய்து அந்த வார்த்தையை இனி சொல்லாதே. எத்தனை வருடம் படிக்கிறார்கள், கட்டுவது எப்படி என்று யாரும் உட்கார்த்திச் சொல்லித் தருவதில்லை. நமக்கும் சொல்லித் தரவில்லை, இந்த வயதில் தரையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை திருத்திய கட்டுரையைக் கொடுக்கிறேன். சனிக்கிழமை காலையில் போன் போடுகிறேன், அவளைத் துண்டுக் காகிதங்களோடு பக்கத்தில் உட்காரச் சொல். கட்டுரையை எனக்கு அனுப்ப வேண்டாம், துண்டுகளை மட்டும் வாசித்துக் காட்டினால் போதும். நீ நடுவில் பேசக் கூடாது.

அன்புடன்,
பச்சை நோட்டு