எங்கள் குகை வரைபடத்தின் ஓரத்தில் எழுத இடமில்லாமல் போன பெயர்கள்

நண்பர்களே, வணக்கம்.

மேகாலயாவின் கிழக்கு காசி மலையில் போன குளிர்காலத்தில் நாங்கள் அளவெடுத்த குகையின் வரைபடம் முடிந்துவிட்டது. பெரிய தாளில் அச்சிட்டு, தர்பார் எனப்படும் ஊர் மன்றத்திடம் கொடுத்தாயிற்று. படத்தின் ஓரத்தில் அளந்தவர்கள், வரைந்தவர்கள் பெயர் மட்டும்தான் போட முடிந்தது. ஆனால் எங்களுக்கு இந்தப் படம் கிடைத்ததே முன்பின் பார்த்திராத பலர் பைசா வாங்காமல் எழுதிக் கொடுத்த மென்பொருள்களால்தான், அதனால் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஸ்லோவாகியாவின் மார்ட்டின் புதாய், ஸ்டாச்சோ முத்ராக் இருவருக்கும். 1999-இல் இவர்கள் தொடங்கிய தெரியன் என்ற மென்பொருளில்தான் எங்கள் படம் உருவானது. குகைப் படத்தைக் கையால் வரைந்தவர்களைக் கேட்டால் இதன் அருமையைச் சொல்வார்கள். ஒரு பாதையை அளந்து, சுவர், பாறை, ஓடை, சுண்ணாம்புத் தூண் எல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்து முடித்திருப்போம். பிறகு வேறொரு பாதை சுற்றிவந்து அதோடு சேரும். சேர்ந்ததும் அளவுப் புள்ளிகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இடம் மாறும், பழைய படம் அவற்றோடு பொருந்தாது, ஆரம்பத்திலிருந்து மறுபடி வரைய வேண்டியதுதான். எங்கள் குகையிலும் அப்படியே நடந்தது. கீழே ஓடை போகும் பாதையும் மேலே இருந்த வறண்ட பாதையும் ஒரு பாறைக் குவியலுக்குப் பின்னால் சந்தித்தன, கடைசிப் புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நகர்ந்தன. தெரியனை மறுபடி ஓட்டினோம், அவ்வளவுதான். புள்ளிகளோடு சேர்ந்து சுவர்களும் ஓடையும் தானாக வளைந்து தங்கள் இடத்துக்கு வந்து நின்றன. வரைந்த தம்பி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

அந்த ஒரு மீட்டரை எங்கெங்கே எவ்வளவு பங்கிடுவது என்று கணக்குப் போட்டது சர்வெக்ஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குகைக் கழகத்தினர் ஆஸ்திரியாவில் அளந்த குகைகளுக்காக 1990-களில் பிறந்த மென்பொருள் இது. ஒல்லி பெட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் இத்தனை வருடங்களாக அதைப் பழுது பார்த்து, புதுப்பித்து, எல்லா வகைக் கணினியிலும் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். எந்த அளவும் நூறு சதவீதம் சரியாக இருக்காது என்று ஒப்புக்கொண்டு, சின்னச் சின்னப் பிழைகளை, பாதைகள் சுற்றிவந்து சேரும் வளையம் முழுக்க நியாயமாகப் பிரித்துப் போடுவது அதன் வேலை. யாராவது ஓர் எண்ணைத் தப்பாகப் பதிந்திருந்தால் அந்த வளையம் மட்டும் அறிக்கையில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அங்கே போய்த் திரும்ப அளந்தால் போதும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட இடத்தையும் தேதியையும் வைத்து அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது.

இன்னொன்றுக்காகவும் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சர்வெக்ஸ், தெரியன் இரண்டிலுமே தகவல் எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புதான். எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். நிறுவனம் மூடிவிட்டது, உரிமம் முடிந்துவிட்டது என்று ஒரு குகையின் அளவுகள் பூட்டிக் கிடக்க வழியே இல்லை. இதே ஊரில் முன்பு ஒருவர் அளந்து, அமெரிக்காவின் லாரி ஃபிஷ் எழுதிய கம்பஸ் மென்பொருளின் வடிவத்தில் வைத்திருந்தார். அந்தக் கோப்புகளையும் சர்வெக்ஸ் அப்படியே வாசித்துவிட்டது. அவற்றை மனமுவந்து எடுத்துக் கொடுத்த அந்தப் பெரியவருக்கு என் வணக்கம்.

சரி, கருவிக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தின் பியாட் ஹீப் 2008 வாக்கில் கடையில் கிடைக்கும் லைக்கா லேசர் அளவுகோலுக்குள் தானே வடிவமைத்த சர்க்யூட் போர்டு ஒன்றைப் பொருத்தினார், அதுதான் டிஸ்டோஎக்ஸ். அதற்கு முன்பு டேப், திசைமானி, சாய்வுமானி மூன்றையும் சேற்றுக் கையோடு மாறி மாறிப் பிடித்து, கத்திச் சொல்லி, இன்னொருவர் நோட்டில் எழுத வேண்டும். டிஸ்டோஎக்ஸில் ஒரே அழுத்தில் தூரம், திசை, சாய்வு மூன்றும் கிடைத்து ப்ளூடூத்தில் போனுக்குப் போய்விடுகிறது. இதற்கான விவரங்களை எல்லாம் அவர் உலகத்துக்கே திறந்து வைத்தார். உள்ளே பொருத்தத் தோதான அந்த லைக்கா மாடல்கள் சந்தையிலிருந்து போன பிறகும் பில் அண்டர்வுட் போன்றவர்கள் சொந்தமாகவே கருவி வடிவமைத்து வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலை நிற்காமல் நடப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

டிஸ்டோஎக்ஸைக் குகைக்குள் கொண்டுபோகும் முன் திசை சரிபார்க்க வேண்டும். 14 திசைகளில் குறிவைத்து, ஒவ்வொன்றிலும் கருவியை நான்கு விதமாகப் புரட்டிப் பிடித்து, மொத்தம் 56 அளவுகள். பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது. ஊருக்கு வெளியே மூங்கில் புதர் ஓரமாக, பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, போனைத் தள்ளி ஒரு கல்மேல் வைத்துவிட்டு, பொறுமையாக எங்களுக்கு இதைச் செய்து காட்டிய ஷில்லாங் அக்காவுக்கு நன்றி. அன்று அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தால்தான் மற்ற எல்லாக் கணக்கும் நம்பும்படி வந்தது.

அப்புறம் டோப்போட்ராய்டு. இத்தாலியின் மார்கோ கோர்வி எழுதிய ஆண்ட்ராய்டு செயலி. டிஸ்டோஎக்ஸின் லேசரை ஒரே புள்ளியை நோக்கி மூன்று முறை சுட்டு மூன்றும் ஒத்துப்போனால், இதுதான் அடுத்த புள்ளி என்று அதுவே புரிந்துகொள்ளும். ஒற்றையாகச் சுட்டதைச் சுவர், கூரை, தரைக்கான அளவாக வைத்துக்கொள்ளும். இடுப்பளவுக் குளிர்ந்த தண்ணீரில் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் போனில் ஒரு விரலால் சுவரை வரைகிற நேரத்தில், பொத்தான் தேடி அலைய வைக்காத செயலி எவ்வளவு பெரிய உதவி என்று அங்கே நின்றால்தான் தெரியும். குகைக்குள் போய் நனைந்து பழகியவர் எழுதியது என்பது ஒவ்வொரு திரையிலும் தெரிகிறது.

தெரியன் சுலபமானது என்று சொல்ல மாட்டேன். அதன் கையேடு கடினம், பிழைச் செய்திகள் அதைவிடக் கடினம். சுவர்க் கோடு தன்னையே வெட்டிக்கொள்கிறது என்று அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வேறொரு நாட்டில் இருக்கும் ஒருவர் எங்கள் கோப்புகளை வாங்கித் திறந்து பார்த்து, கோட்டை எந்தத் திசையில் வரைகிறோம் என்பதை வைத்துத்தான் பாதை எந்தப் பக்கம், பாறை எந்தப் பக்கம் என்று மென்பொருள் முடிவு செய்கிறது என்பதை அம்புக்குறி போட்ட ஒரு படத்தோடு விளக்கி அனுப்பினார். அவருக்கு எங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனாலும் தன் ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குக் கொடுத்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ரொம்ப நன்றி ஐயா.

மேகாலயாவில் குகை அளப்பதைப் பற்றிப் பேசிவிட்டு மேகாலயா அட்வெஞ்சரர்ஸ் அசோசியேஷனையும் பிரையன் கர்ப்ரான் டாலியையும் சொல்லாமல் விட முடியாது. 1992 முதல் வெளிநாட்டுக் குகையாளர்களோடு சேர்ந்து அவர்கள் பருவம் தவறாமல் அளந்ததால்தான் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கிரெம் லியாட் பிராவும், மணற்பாறைக்குள் சுமார் 24.5 கிலோமீட்டர் ஓடும் கிரெம் புரியும் உலகத்துக்குத் தெரிந்தன. அவற்றோடு பார்த்தால் எங்களுடையது சின்னக் குகை. ஆனால் அளந்து படமாகப் போடாத குகைக்காக யாரும் வாதாட முடியாது என்பதை இவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். சுண்ணாம்புக்கல் வெட்டும் பகுதிகளில் எந்தப் பாதை எந்த நிலத்துக்கு அடியில் போகிறது என்று காட்ட ஒரு தாள் கையில் இருக்க வேண்டும்.

ஊரில் நடந்ததையும் சொல்கிறேன். கியூஜிஐஎஸ் என்ற நில வரைபட மென்பொருளில் மலையின் மேடுபள்ளத்தின் மேல் குகைப் படத்தை வைத்துக் காட்டியபோது, தர்பாரில் மூத்தவர் ஒருவர் ஓடைக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போய், பாக்குத் தோப்புக்கு அடியில் நிறுத்தி, இது நம் ஊற்றுக்குப் போகிற தண்ணீரா என்று கேட்டார். உறுதியாகச் சொல்லச் சாயம் கலந்து சோதிக்க வேண்டும், ஆனால் திசையும் சாய்வும் அப்படித்தான் இருக்கின்றன என்றோம். மேலே குப்பை கொட்டும் பள்ளத்தைப் பற்றி அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அனுமதி தந்த தர்பாருக்கும், கயிறு கட்டி வழிகாட்டிய இரண்டு அண்ணன்களுக்கும், நாங்கள் வெளியே வரும் நேரம் பார்த்துச் சோறும் சூடான சிவப்புத் தேநீரும் வைத்திருந்த அக்காவுக்கும் நன்றி சொல்லித் தீராது.

எங்கள் அளவுக் கோப்புகள், தெரியன் ஓவியங்கள் எல்லாவற்றையும் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறோம். குகை வாசல் இருக்கும் இடம் மட்டும் தர்பார் சம்மதித்தால்தான், ஏனென்றால் நிலமும் அவர்களுடையது, உள்ளே இருக்கும் வௌவால்களுக்குக் காவலும் அவர்கள்தான். வடக்குக் கிளை இன்னும் பாக்கி இருக்கிறது. மழை விட்டு ஓடை இறங்கியதும் டிசம்பரில் திரும்பப் போகிறோம். கருவி சரிபார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது வர முடியுமென்றால் நவம்பருக்குள் சொல்லுங்கள், தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஷில்லாங்கிலிருந்து, குழுவினர் எல்லோர் சார்பிலும்