திரியெஸ்தே பயணத்துக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள அப்துஸ் சலாம் அனைத்துலகக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையத்தில் கடந்த ஆகஸ்ட் மாதம் நடைபெற்ற செயலமர்வில் கலந்துகொண்டு யாழ்ப்பாணம் திரும்பியிருக்கிறேன். திண்மப் பொருள்களுக்குள் இலத்திரன்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைக் கணினியின் துணையோடு கணித்தறியும் முறைகளைக் கற்பிப்பதற்கென அது ஒழுங்குசெய்யப்பட்டிருந்தது. தெரிவுசெய்யப்பட்டதாக மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து விமானம் ஏறிய நாள்வரை எத்தனையோ பேருடைய உழைப்பும் பணமும் நேரமும் இதற்காகச் செலவாகியுள்ளன. ஒவ்வொருவரையும் வீடு தேடி வந்து சொல்லவேண்டிய நன்றியை, கடல் கடந்து இருப்பவர்களையும் கருதி, இம்மடலில் எழுதுகிறேன். பெயர்களைக் குறிப்பிட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டமையால் எவருடைய பெயரையும் எழுதவில்லை.

நான் சென்ற இடம் எப்படிப்பட்டது என்று பலர் விசாரித்தீர்கள். உங்கள் உதவி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறிய உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே அதை முதலில் சொல்கிறேன். 1926ஆம் ஆண்டு, இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஜாங் என்னும் ஊரில் பிறந்த பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம், கேம்பிரிஜில் கற்று 1951இல் லாகூருக்குத் திரும்பிக் கற்பித்தபோது, தமது துறையைப் பற்றிப் பேசுவதற்கு அருகில் ஒருவரும் இல்லாமலும் புதிய ஆய்விதழ்கள் கைக்கு எட்டாமலும் தவித்து, 1954இல் மீண்டும் கேம்பிரிஜுக்கே போக வேண்டியதாயிற்று. பௌதிகவியலா பிறந்த நாடா என்று தெரிவுசெய்ய வேண்டிய நிலை தமக்குப் பின்வருபவர்களுக்கு நேரக்கூடாது என்று அவர் எண்ணினார். வளர்ந்துவரும் நாடுகளின் ஆய்வாளர்கள் சில வாரங்கள் வந்து தங்கிக் கற்று, விவாதித்து, மீண்டும் தம் ஊருக்கே திரும்பிப் பணியாற்றக்கூடிய ஓரிடத்தை, திரியெஸ்தேயைச் சேர்ந்த பௌதிகவியலாளர் பாவ்லோ புதினிச்சின் பெருமுயற்சியோடும், அனைத்துலக அணுசக்தி முகவரகத்தினதும் இத்தாலிய அரசினதும் ஆதரவோடும் 1964இல் தொடங்கிவைத்தார். பின்னர் யுனெஸ்கோவும் இணைந்தது. 1979இல் கிளாஷோவுடனும் வைன்பேர்க்குடனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அப்பெருமகன் 1996இல் மறைந்தார். அடுத்த ஆண்டிலிருந்து மையம் அவருடைய பெயரைத் தாங்குகிறது.

அந்த வரலாற்றை வாசிக்கும் யாழ்ப்பாணத்து ஆய்வு மாணவர் எவருக்கும் அது தம்முடைய கதையாகவே தோன்றும். 1974இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட எங்கள் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலை ஆழமாகக் கற்பித்த ஆசிரியர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆய்விதழ்கள் இப்போது இணையத்தில் ஓரளவு கிடைக்கின்றன. கிடைக்காமல் இருப்பது, கட்டுரையில் எழுதப்படாத விடயத்தை எதிரே அமர்ந்து கேட்கக்கூடிய ஓர் ஆள். இதை என் அனுபவத்திலிருந்தே விளக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. எங்கள் துறையில் சூரியக்கல ஆய்வுக்கு முதன்மை கொடுக்கப்படுவதும் அதனாலேயே. என் பகுதி, சூரியக்கலங்களில் பயன்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் சேர்வையைப் பற்றியது. அனட்டேஸ் என்னும் அதன் படிக வடிவத்துக்குப் பரிசோதனை தரும் சக்தி இடைவெளி, அதாவது கட்டுண்ட இலத்திரன் ஒன்று மின்னைக் கடத்தும் நிலைக்கு எழுவதற்குத் தேவையான மிகக் குறைந்த சக்தி, ஏறத்தாழ 3.2 இலத்திரன் வோல்ற்று. 1964இல் ஹோஹென்பேர்க்கும் கோனும் அடித்தளமிட்ட, இலத்திரன்களின் அடர்த்தியைக்கொண்டு ஒரு பொருளின் இயல்புகளைக் கணிக்கும், டிஎஃப்டி என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டின் வழக்கமான வடிவத்தில் கணித்தால் அவ்விடைவெளி இரண்டைச் சற்று மட்டுமே தாண்டுகிறது. இந்தக் குறைவு எல்லாப் பாடநூல்களிலும் சொல்லப்பட்டதுதான். அதைச் சீர்செய்ய, ஒரே அணுவிலுள்ள இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுவதைக் கணக்கில் எடுக்கும் ஹபார்ட் யு என்னும் ஒரு பெறுமானத்தைச் சேர்ப்பார்கள். ஆனால் எவ்வளவு சேர்ப்பது என்பதில் கட்டுரைக்குக் கட்டுரை வேறுபாடு உண்டு. பரிசோதனை எண்ணை எட்டும்வரை யுவைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்றால், சூரியக்கலத்தில் ஒளியை உறிஞ்சும் சாய மூலக்கூறு ஒன்று அந்தப் பொருளின் மேற்பரப்பில் ஒட்டும்போது என்ன நிகழும் என்று அதே கணிப்பைக்கொண்டு எதிர்வுகூற எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? இந்தக் கேள்வியை என் மேற்பார்வையாளரான பேராசிரியரும் நானும் நெடுங்காலம் எங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தோம். செயலமர்வு அறிவித்தலை எனக்கு அனுப்பி, இந்தக் கேள்வியையே விண்ணப்பத்தின் மையமாக எழுது என்று சொன்னவர் அவர்தாம். விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் அவர் என்னோடு அமர்ந்து திருத்திய மாலைகளுக்கு என் முதல் வணக்கம்.

துறையின் தொழினுட்ப உத்தியோகத்தருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லாதிருந்த நாள்களும் வந்தபோது, எங்கள் கணிப்புகள் பாதிவழியில் நின்றுபோகாதிருக்க மின்கலங்களை இடம்மாற்றிப் பொருத்தியும், இடையிடையே சேமித்த இடத்திலிருந்து கணிப்பை மீண்டும் தொடங்கும் வழியைத் தாமே கற்று எங்களுக்குக் கற்பித்தும், மின்சாரம் வரும் நள்ளிரவில் விடுதியிலிருந்து வந்து இயக்கியும் அவர் காப்பாற்றிய முடிவுகளே விண்ணப்பத்தோடு நான் இணைத்த முடிவுகள். அவர் இல்லையென்றால் அனுப்புவதற்கு என்னிடம் ஒன்றும் இருந்திராது. இதைத் துறைக்கு வெளியே பலர் அறியமாட்டார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தங்குமிடத்தையும் உணவையும் விமானச் செலவின் ஒரு பகுதியையும் மையம் ஏற்றுக்கொண்டது. மிகுதியை எங்கள் வீட்டினால் தாங்க முடியவில்லை. டொலரின் பெறுமதி ரூபா 200 அளவிலிருந்து 350ஐத் தாண்டிச் சென்ற அந்த 2022இற்குப் பின்னர் வெளிநாட்டுப் பயணச்சீட்டு எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாக் கனியாகிவிட்டது. நான் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன், ரொறன்ரோ கிளைகளைச் சேர்ந்த அண்ணாமாரும் அக்காமாரும், என் முகத்தைக்கூடப் பாராமல், ஆசிரியர் ஒருவருடைய சொல்லை நம்பி அந்த மிகுதியைச் செலுத்தினார்கள். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தார் தங்கள் நிதியிலிருந்து விசாச் செலவைத் தந்தார்கள். சிறுவயதில் நான் நாளிதழ் வாசிக்கப் பழகிய நிலையம் அது. பிறப்புச் சான்றிதழையும் பிற ஆவணங்களையும் மொழிபெயர்த்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஐயா கூலி வாங்க மறுத்துவிட்டார். கொழும்புக்குச் சென்ற போதெல்லாம் வெள்ளவத்தையில் தங்க இடமும் விடியற்காலைத் தேநீரும் தந்த தோழியின் பெற்றோருக்கும், பெண்பிள்ளை தனியே அவ்வளவு தூரம் போவதா என்று தயங்கிய உறவினரிடம் எனக்காகப் பேசிய பெரிய மாமிக்கும் நன்றி.

இனி அங்கே கிடைத்த உதவிகள். 1918வரை ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் முதன்மைத் துறைமுகமாக இருந்து, இரண்டாம் உலகப் போரின் பின் யாருக்கு உரியது என்ற பிணக்கில் சிக்கி, 1954இல் மீண்டும் இத்தாலியோடு சேர்ந்த எல்லை நகரம் திரியெஸ்தே. மத்தியதரைக் கடலின் வடகிளையான அட்ரியாட்டிக்கின் கரையில், மிராமரே என்னும் வெண்ணிற மாளிகையின் பூங்காவை அண்டி மையம் இருக்கிறது. மாலையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதை அங்கிருந்து பார்த்தபோது காரைநகர்க் கசூரினாக் கரை நினைவுக்கு வந்தது.

காலையில் விரிவுரை, பிற்பகலில் கணினிப் பயிற்சி. எவரும் விலையின்றிப் பெற்றுக்கொள்ளக்கூடிய குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ மென்பொருளிலேயே பயிற்சிகள் நடைபெற்றன. அதன் வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்டது திரியெஸ்தே. மூலக்கூறுகளின் அசைவையும் இலத்திரன் நிலையையும் ஒன்றாகக் கணிக்கும் முறையை கார், பரினெல்லோ ஆகிய இருவரும் 1985இல் வெளியிட்டதும் இதே நகரிலுள்ள சிசா என்னும் உயர்கல்வி ஆய்வு நிறுவனத்திலிருந்துதான். என் கேள்வியை நான் முன்வைத்தது ஒரு பயிற்சி வேளையின் முடிவில். விரிவுரையாளர் அதைச் செவிமடுத்து, மற்றவர்கள் எழுந்து சென்ற பின்னரும் அமர்ந்திருந்து, கரும்பலகையில் எழுதி விளக்கினார். இடைவெளியைப் பரிசோதனையோடு பொருத்திக் காட்டுவதற்கு யு உரியதன்று. தைத்தேனிய அணுவில் இலத்திரன்கள் தங்கும் டி ஒழுக்குகள் என்னும் நிலைகளைச் சிறிதளவு குழப்பி, அவற்றில் இலத்திரன்கள் நிரம்பும் அளவு எவ்வாறு மாறுகிறது என்று பார்த்தால், அந்தப் பொருளே தனக்குரிய யு எது என்பதைச் சொல்லிவிடும். அதன் பின்னும் இடைவெளி பொருந்தாவிட்டால் அதை மறைக்காமல் எழுதிவிட்டு, இடைவெளிக்கு வேறு முறையை நாட வேண்டும். இதுவே அவர் சொன்னதன் சாரம். அம்முறையை விளக்கும் 2005ஆம் ஆண்டுக் கட்டுரையை நாங்கள் முன்னரே வாசித்திருந்தோம். எனினும் எந்தப் படியில் எதைச் சரிபார்க்க வேண்டும், கணிப்புக்குப் படிகத்தின் எவ்வளவு பெரிய அலகை எடுத்தால் விடை நிலைபெறும் என்பவை அவர் எதிரே இருந்து காட்டியபோதே கைவந்தன. நெடுங்காலக் கேள்வி ஒன்று ஒரு மாலைப் பொழுதில் தெளிந்தது. அவருக்கும், அவரைப் போன்றவர்களை அங்கே வரவழைத்து வைத்திருக்கும் மையத்துக்கும் எவ்வாறு நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கமரூனிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் கியூபாவிலிருந்தும் வந்திருந்த தோழர்களுக்கும் நன்றி கூறுகிறேன். மின்வெட்டு, மெதுவான இணையம், பழைய கணினி ஆகியவற்றைப் பற்றி அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. குறைந்த நினைவகத்தில் பெரிய கணிப்பைப் பகுதிபகுதியாக நடத்தும் சில வழிகளைக் கமரூன் நண்பரிடமே கற்றேன். நல்லூர்க் கொடியேற்றக் காலம் என்பதால் நான் மரக்கறி உணவு மட்டுமே உண்டேன். என் மொழி அவருக்கோ அவர் மொழி எனக்கோ தெரியாதபோதும், உணவுச்சாலையில் பரிமாறிய அம்மையார் முதல் நாளே அதைப் புரிந்துகொண்டு, எனக்கென ஒரு தட்டை ஒவ்வொரு மதியமும் ஒதுக்கிவைத்திருந்தார்.

ஆகஸ்ட் 8ஆம் திகதி, குவாண்டம் பௌதிகவியலின் முன்னோடிகளுள் ஒருவரான டிராக்கின் பிறந்தநாளன்று, மையம் ஆண்டுதோறும் வழங்கும் டிராக் பதக்கத்துக்குரியவர்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டபோது நான் அங்கே இருந்தேன். டிராக்கின் 70ஆவது அகவையை முன்னிட்டு 1972இல் பெரும் மாநாடு ஒன்று கூடிய ஊரும் அதுவே. அந்த வேளையில் எனக்கு உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியரை நினைத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்து, கேம்பிரிஜில் டிராக்கிடம் பயின்ற சி. ஜே. எலியேசரைப் பற்றி முதன்முதலில் எங்களுக்குச் சொன்னவர் அவர். இந்தத் துறையில் நீங்கள் போகும் பாதையில் உங்கள் ஊரவரின் காலடியும் இருக்கிறது என்பதை அவர் சொல்லியிராவிட்டால், எங்கள் வகுப்பிலிருந்து நான் உட்படச் சிலர் பௌதிகவியலைத் தெரிவுசெய்திருக்கமாட்டோம். சேர், அன்றிரவு உங்களுக்கு அனுப்பிய சிறு செய்தியில் எழுத முடியாததை இங்கே எழுதிவிட்டேன்.

செயலமர்வின் பயிற்சிகளைத் தமிழ் விளக்கத்தோடு, சனிக்கிழமை பிற்பகல்களில் துறையின் கணினிக்கூடத்தில் நடத்துவதற்குப் பேராசிரியர் ஒழுங்குசெய்துள்ளார். கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களும் வரலாம்; கட்டணம் எதுவும் இல்லை. வரவு செலவுக் கணக்கைப் பற்றுச்சீட்டுகளோடு சனசமூக நிலையத்திலும் பழைய மாணவர் சங்கச் செயலாளரிடமும் ஒப்படைத்திருக்கிறேன். எஞ்சிய தொகை, இத்தகைய செயலமர்வுக்குத் தெரிவாகும் அடுத்த மாணவரின் விசாச் செலவுக்கென நிலையத்தின் கணக்கிலேயே இருக்கும். விண்ணப்பம் எழுதுவதற்கோ ஆவணங்களை ஒழுங்குசெய்வதற்கோ உதவி வேண்டுபவர்கள் துறையில் என்னை வந்து சந்திக்கலாம்.

இங்ஙனம்,
பௌதிகவியல் ஆய்வு மாணவி,
யாழ்ப்பாணம்.